நெடுந்தீவில் கோயில் கட்டப் போகிறவர்களுக்கு

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். யாழ்ப்பாணத் தீவுகளில் மக்கள் வாழும் கடைசித் தீவு இது. இங்கே ஒரு சிறிய கத்தோலிக்கக் கோயில் எழுவதற்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று கேட்டால், அந்த ஒரு மணி நேரக் கடல்தான் முதல் விடை. அடுத்தது உப்பு. அதற்கும் அடுத்தது நல்ல தண்ணீர். வேலை தெரிந்த ஆள் இல்லை என்பது விடையே அல்ல. தீவக மேசன்மாருக்கு இந்த மண்ணும் காற்றும் அத்துப்படி. அவர்கள் நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். உதவி செய்கிறோம் என்று அவர்களுடைய கரண்டியை வாங்கிக் கல் வைக்கப் போனால் சுவரும் கோணும், ஒரு வீட்டின் உழைப்பும் போகும். தொண்டர்களால் உண்மையில் ஆகக்கூடிய வேலைகள் மூன்று: சுமப்பது, கழுவுவது, நனைப்பது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்ய 12 பேர் இருந்தால், 4 மேசன்மார் ஒரு நாளும் கை ஓயாமல் வேலை செய்யலாம்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3.5 மீற்றர் சுவர் உயரம் கொண்ட சிறு கோயிலுக்கானது. 40 அடிக்கு 20 அடி என்றும் சொல்லலாம். நூறு பேர் இருந்து பூசை காண இது போதும்.

கையெழுத்துகள்

காணி உறுதி மறைமாவட்டத்தின் பெயரில் தெளிவாக இருக்கிறதா என்பதைப் பங்குத்தந்தையிடம் முதலில் கேளுங்கள். பொறியியலாளர் கையெழுத்திட்ட வரைபடத்துடன் பிரதேச சபையின் கட்டட அனுமதி வேண்டும். இடம் கடலோரத்திலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். தீவுக் கோயில்களில் பல இந்த எல்லைக்குள்தான் வரும். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காணி அதன் எல்லையில் இருந்தால் அதையும் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மணல் ஏற்றும் லொறிக்கும் படகுக்கும் மணல் அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இறங்குதுறையில் ஒரு நாள் மறிபட்டால் படகுக் கூலியும் ஆள் கூலியும் வீண்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிற புலம்பெயர்ந்த பிள்ளைகள், இந்தத் தொண்டுக்கு எந்த விசா பொருந்தும் என்பதைப் பயணச்சீட்டு எடுக்க முன்னரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மாதம் பார்த்து வாருங்கள்

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. புயல் வருவதும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான். மே மாதத்தில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்தால் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும், படகு ஓடாத நாட்களும் உண்டு. ஆகவே சுமை ஏற்றவும் கொங்கிரீட் போடவும் நல்ல காலம் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியும் வரைதான். வெறும் மூன்று மாதம். அதற்குள்ளும் இரண்டு இடைவெளிகள் விழும். கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அந்தக் கிழமை குறிகட்டுவானில் உள்ள படகெல்லாம் யாத்திரிகர்களை ஏற்றப் போய்விடும், உங்களுக்குச் சரக்குப் படகு கிடைக்காது. மற்றது பரிசுத்த வாரம். வியாழனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது. இந்த இரண்டையும் நாட்காட்டியில் முதலில் அடித்துவிட்டு மிச்ச நாட்களை எண்ணுங்கள்.

கடல் தாண்டும் சுமை

16 அங்குலத்துக்கு 8 அங்குலம் முகமுள்ள சீமெந்துக் கல், சாந்து இடைவெளியோடு ஒரு சதுர மீற்றருக்கு 12.5 கல் பிடிக்கும். கதவு, ஜன்னல் கழித்து, முன் பின் முக்கோணச் சுவரையும் சேர்த்தால் நம் கோயிலுக்கு 114 சதுர மீற்றர் சுவர் வரும். உடைவுக்கு நூற்றுக்கு 7 சேர்த்தால் 1,525 கல். 6 அங்குலத் தடிப்புள்ள கல் சுமார் 22 கிலோ. ஆக மொத்தம் முப்பத்துமூன்றரைத் தொன்.

இப்போது ஒரு கல் எத்தனை தரம் கைமாறுகிறது என்று பாருங்கள். லொறியிலிருந்து இறங்குதுறைக்கு, அங்கிருந்து படகுக்கு, படகிலிருந்து நெடுந்தீவுத் துறைக்கு, துறையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து காணிக்கு. ஐந்து தரம். முப்பத்துமூன்றரைத் தொன் கல்லை ஐந்து தரம் தூக்கினால் 167 தொன் கையால் தூக்கியதாகும். தொண்டர்கள் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான். குறிகட்டுவானில் 5 பேர், நெடுந்தீவுத் துறையில் 5 பேர், காணியில் 2 பேர் என்று பிரிந்து நில்லுங்கள். எல்லோரும் ஒரே கரையில் நின்றால் மறு கரையில் படகு காத்துக் கிடக்கும், காத்திருப்புக்கும் கூலி ஏறும்.

கல்லைத் தீவிலேயே அரியலாமா, அதாவது அச்சில் வார்க்கலாமா என்று கேட்பார்கள். அரியலாம். மணலும் சல்லியும் எப்படியும் கடல் தாண்டி வரவேண்டும் என்பதால் எடை குறையாது. ஆனால் உடைவு குறையும், ஏற்றி இறக்குவதும் இலகு. அரிந்த கல்லை நனைக்க நல்ல தண்ணீர் உள்ள இடமாக இருந்தால் மட்டும் இதைத் தெரிவு செய்யுங்கள். ஒரு பைச் சீமெந்தில் எத்தனை கல் வருகிறது என்பதை முதல் நாளே எண்ணி எழுதி வையுங்கள். பிறகு ஒரு நாள் எண்ணிக்கை திடீரென்று கூடினால் சீமெந்து குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, சுமார் 4.5 தொன். படகில் கொட்டி ஏற்றினால் அடியில் தேங்கும் கடல்நீர் மணலுக்குள் ஊறிவிடும். ஆகவே பையில் கட்டித்தான் ஏற்ற வேண்டும். ஒரு பைக்கு 25 கிலோ, கியூப் ஒன்றுக்கு 180 பை. 50 கிலோ கட்டினால் பாதிப்பேர் இரண்டாம் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். உரப் பை எடுப்பதானால் உள்ளே வெளியே நன்றாக அலசிக் காயவைத்த பிறகு எடுங்கள். ஒட்டியிருக்கும் உரம் கொங்கிரீட்டை அரிக்கும்.

சீமெந்துப் பை படகின் தரையைத் தொடவே கூடாது. பலகை அடுக்கி, அதன்மேல் பொலித்தீன் விரித்து, பையை அடுக்கி, மேலேயும் பொலித்தீனால் மூடிக் கட்டுங்கள். காணியில் நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, 10 பைக்கு மேல் உயராமல் அடுக்க வேண்டும். கடற்காற்றில் சீமெந்து சீக்கிரம் இறுகும். மூன்று நான்கு கிழமைக்குத் தேவையானதை மட்டும் கொண்டுவாருங்கள், முதலில் வந்த பையை முதலில் எடுங்கள். பைக்குள் உள்ள கட்டி விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். நசியாத கட்டி உள்ள பையைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீரும் உப்பும்

நெடுந்தீவின் கிணறுகளில் மழைநீர் மெல்லிய படுக்கையாக உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் கிணற்றை ஊர் பாவிக்க அடுத்த மாரி வரவேண்டும். கட்டட வேலைக்காக ஊர்க் கிணற்றில் மோட்டார் வைக்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வாளியால் அள்ளுங்கள், அல்லது பிரதேச சபையோடு பேசிப் பௌசர் தண்ணீருக்கு ஒழுங்கு செய்து பணம் கட்டுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: முந்திய மாரிக்கு முன்னரே காணியில் 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்றை வைத்து, பக்கத்துக் கட்டடத்தின் கூரை மழைநீரைப் பிடித்து வைக்கச் சொல்வது. அந்தத் தாங்கி பிறகு கோயிலுக்கே ஆகும்.

கம்பி போடும் கொங்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைட் லீற்றருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சரியான வழி, ஒரு போத்தலில் எடுத்து யாழ்ப்பாணத்தில் பரிசோதனைக்குக் கொடுப்பது. அன்றாடப் பரிசோதனைக்கு நாக்கு போதும். 250 மில்லிகிராம் அளவிலேயே பெரும்பாலானவர்களுக்கு உப்புத் தெரியத் தொடங்கும். ஆனால் தீவில் பிறந்து வளர்ந்தவரிடம் கேட்காதீர்கள், அவருடைய நாக்கு அந்தத் தண்ணீருக்குப் பழகிவிட்டது. அன்று காலைப் படகில் வந்திறங்கியவரிடம் ஒரு மிடறு கொடுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்தத் தண்ணீர் சாமான் கழுவ மட்டும். பெப்ரவரியில் நன்றாக இருந்த கிணறு ஏப்ரலில் உப்பாகலாம், கிழமைக்கு ஒரு தரம் ருசி பாருங்கள்.

கடற்கரை மணலை அள்ளுவதற்குச் சட்டமும் இடம் கொடாது, கட்டடமும் தாங்காது. உப்பு கம்பியில் துருவை ஏற்றும். துரு இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். இடம் போதாமல் கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பியின் நீளத்துக்கு நேர்கோடாக வெடிப்பு ஓடும் பீமை எங்கே கண்டாலும் உள்ளே நடப்பது இதுதான். பூசி மறைத்தால் அடுத்த வருடம் பூச்சோடு விழும்.

பீம் போடும் நாள்

சுவரின் தலையில் நாலு பக்கமும் சுற்றி ஓடும் பீம்தான் புயலில் கோயிலைக் கட்டிப் பிடிப்பது. 36 மீற்றர் நீளம், 150 மில்லிமீற்றர் அகலம், 225 மில்லிமீற்றர் உயரம். கொங்கிரீட் 1.2 கன மீற்றர் வரும். சீமெந்து, மணல், சல்லி என்ற வரிசையில் சொன்னால், கடலோரத்துக்கு 1:2:4 கலவை போதாது, 1:1½:3 போடுங்கள். சேதத்தோடு சேர்த்து 11 பைச் சீமெந்து. 12 மில்லிமீற்றர்க் கம்பி 4 ஓட்டம், கம்பியோடு கம்பி சேரும் இடத்தில் 600 மில்லிமீற்றர் மேற்படிவு வைத்தால் 6 மீற்றர் நீளக் கம்பி 27 வேண்டும். அவற்றைச் சுற்றிக் கட்டும் 6 மில்லிமீற்றர் வளையம் 150 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 240.

கம்பிக்கு வெளியே எல்லாப் பக்கமும் 40 மில்லிமீற்றர் கொங்கிரீட் நிற்க வேண்டும். அப்படி விட்டால் 150 அகலப் பீமில் இரண்டு கம்பிக்கும் நடுவே மிஞ்சுவது 34 மில்லிமீற்றர்தான். முக்கால் அங்குலச் சல்லி அதில் சிக்கும், அடியில் தேன்கூடு போல ஓட்டை விழும், அந்த ஓட்டையால் உப்பு நேரே கம்பிக்குப் போகும். அரை அங்குலச் சல்லி என்று ஓடர் கொடுக்கும்போதே சொல்லி வையுங்கள். கடல் தாண்டி வந்த பிறகு மாற்ற முடியாது.

அந்த 40 மில்லிமீற்றரைக் காப்பாற்றுவது கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் வைக்கும் சிறு சாந்துக் கட்டைகள். இவற்றைச் செய்வது முழுக்கத் தொண்டர்களின் பொறுப்பு. 1 பங்கு சீமெந்து, 2 பங்கு கழுவிய மணல். மட்டமான பலகையில் 40 மில்லிமீற்றர் தடிப்புக்குப் பரப்பி, பாதி இறுகும்போது கரண்டியால் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கட்டுக்கம்பித் துண்டு ஒன்றைக் குத்தி, ஏழு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். 200 தேவை. பீம் போட இரண்டு கிழமைக்கு முன்னரே இது தயாராக இருக்க வேண்டும். கட்டை இல்லாத இடத்தில் அவசரத்துக்குக் கைக்கு எட்டிய பவளக்கல் துண்டைச் செருகுவது தீவில் அடிக்கடி நடப்பது. அந்தத் துண்டுக்குள் கடல் உப்பு இருக்கிறது. நீங்களே கம்பிக்குக் கீழே உப்பைக் கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகும்.

கம்பியைக் கடல் தாண்டி வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, நிலத்திலிருந்து உயர்த்தி மூடி வையுங்கள். மெல்லிய செந்தூள் இருந்தால் பரவாயில்லை. செதிளாக உரியும் துரு என்றால் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும்.

கலவையைத் தகரத்தில் அல்லது தடித்த பொலித்தீனில் போட்டுக் கலக்குங்கள், வெறும் நிலத்தில் அல்ல. உலர்ந்தபடி மூன்று தரம் புரட்டி, தண்ணீர் விட்டு மூன்று தரம் புரட்டுங்கள். ஒரு பைக்கு 22 லீற்றருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. வாளியில் கோடு கீறி அளந்து ஊற்ற ஒரே ஆளை நிறுத்துங்கள். உச்சி வெயிலில் கலவை இறுகியதும் மேலே நிற்பவர் “தம்பி, இன்னும் கொஞ்சம் தண்ணி விடு” என்பார். அப்போது மறுக்கக்கூடிய ஆளாக அவர் இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் ஊற்றுவது சுகம், ஆனால் அந்த அதிகத் தண்ணீர் காய்ந்து போன வழியெல்லாம் உப்பு உள்ளே வரும் துளையாகும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் 10 மணிக்குள் முடித்துவிடலாம்.

முடித்த அன்று பின்னேரமே ஈரச் சாக்கால் மூடி, பத்து நாள் காய விடாமல் நனைக்க வேண்டும். பீமைப் போடத் தேவைப்பட்ட தண்ணீர் 240 லீற்றர். அதை நனைக்க நாளுக்கு 200 வீதம் 2,000 லீற்றர். இந்தக் கணக்கைப் போடாமல் வந்த குழுக்கள்தான் மூன்றாம் நாள் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றத் தொடங்குகின்றன.

கூரை

ஓடா தகடா என்ற கேள்விக்கு எங்கள் பதில் ஓடு. 92 சதுர மீற்றர் கூரைக்கு ஏறத்தாழ 1,400 ஓடு, சுமார் 4 தொன். தகடு அரைத் தொன்தான் வரும், படகுக்கு இலகு. ஆனால் வெட்டிய ஓரத்திலும் ஆணி துளைத்த இடத்திலும் கடற்காற்று தகட்டைத் தின்றுவிடும். பல தகடுகளின் உத்தரவாதம் கடலோரத்துக்குப் பொருந்தாது, தாளை வாசித்துப் பாருங்கள். ஓட்டை வைக்கோல் வைத்து நிறுத்தி அடுக்கி ஏற்றுங்கள், படுக்கவைத்தால் அடி வரிசை நொறுங்கும். கீழ் இரண்டு வரிசை, முகடு, இரு பக்க ஓரம் ஆகியவற்றில் ஒவ்வொரு ஓட்டையும் செப்புக் கம்பியால் கட்டுங்கள்.

2 மீற்றருக்கு ஒன்றாக 5 முக்கோணச் சட்டங்கள் வரும். அவற்றைப் பீமோடு பிடிக்கும் பட்டைகள் 10. கொங்கிரீட் ஊற்ற முன்னரே இவை கம்பிக்கூட்டில் கட்டப்பட்டிருக்க வேண்டும். 10 இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியே எண்ணுங்கள். மறந்துவிட்டால் பிறகு துளை போட்டு ஒட்டும் எந்த வித்தையும் இதற்கு ஈடாகாது.

மரத்துக்குப் பனை நல்லது, தீவுக்காரர் அதை நம்புவதில் நியாயம் இருக்கிறது. பனைக்கு வைரம் வெளிப்புறத்தில், நடுவில் சோறு. சலாகையின் குறுக்கு வெட்டைப் பாருங்கள். கறுப்பு நார் நெருக்கமாக நிறைந்திருக்க வேண்டும், வெள்ளைப் பகுதி தெரிந்தால் அந்தச் சலாகையைத் திருப்பி அனுப்புங்கள். பனை தறிக்க அனுமதி தேவை. கூரை வேலை சோளகம் எழ முன் முடிய வேண்டும், காற்றில் கூரையில் நிற்பது உயிரோடு விளையாடுவது. தொண்டர்கள் கூரையில் ஏற வேண்டாம், கீழே நின்று ஓடு எட்டிக்கொடுங்கள்.

பழைய கோயிலைத் திருத்துவதானால்

நெடுந்தீவின் பழைய சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணாம்பும். இவற்றின்மேல் சீமெந்து பூசுவதுதான் நல்ல மனத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய கெடுதி. சுவருக்குள் ஊறும் ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சீமெந்து அதை அடைத்துவிடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து கல்லையே பொடியாக்கும். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கழுவிய மணல் என்று கலந்து பூசுங்கள், ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெல்லக் காயவிடுங்கள். புதிதாகப் பவளக்கல் கடலில் எடுப்பது குற்றம். விழுந்த சுவரின் கல்லையே கழுவி மீண்டும் வைக்க வேண்டும். நூறு வருடம் கண்ட சுவர் என்றால் தொல்லியல் திணைக்களத்திடம் கேட்காமல் ஒரு கல்லையும் அசைக்காதீர்கள்.

ஊரோடு இருப்பது

ஒரு தரத்துக்கு 12 முதல் 15 பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் ஊரின் தண்ணீரைக் குடித்துவிடுவீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லீற்றர் என்று கணக்கு வைத்து, அதைக் கட்டடத் தண்ணீரோடு கலக்காமல் தனித் தாங்கியில் வையுங்கள். வீடுகளில் தங்காமல் பங்கு மண்டபத்தில் தங்குங்கள். சமையலை ஊர் மாதர் சங்கத்திடம் கொடுத்து, கேட்ட காசை முற்பணமாகக் கொடுங்கள். தவக்கால வெள்ளியில் இறைச்சி கேட்காதீர்கள்.

வேலை நேரம் காலை 6 முதல் பத்தரை வரை, பிறகு பின்னேரம் 3 முதல் 6 வரை. இரவில் கடலுக்குப் போனவர்கள் முற்பகல் உறங்குவார்கள், அவர்களுடைய வீட்டுப் பக்கம் கல் இறக்குவதைப் பின்னேரத்துக்கு வையுங்கள். ஏற்பு ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். கையுறை, மூடிய சப்பாத்து, தொப்பி, ஜீவனிப் பக்கெட் ஆளுக்குப் பத்து. தீவில் வைத்தியசாலை உண்டு, ஆனால் பெரிய காயம் என்றால் படகில்தான் யாழ்ப்பாணம் போக வேண்டும். அவசரத்துக்கு வரக்கூடிய படகுக்காரர் ஒருவரின் இலக்கத்தை முதல் நாளே வாங்கிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பழைய கோயிலை இடிக்க முன் சுரூபங்களை எடுத்து வைக்க ஒரு கொட்டில் போட வேண்டும். ஓலையும் தடியும் இருந்தால் ஒரு நாள் வேலை. ஊர் மக்கள் பல மாதங்கள் அந்தக் கொட்டிலில்தான் பூசை காணப் போகிறார்கள். ஆகவே மழை ஒழுகாமல், முழந்தாளிட மணல் பரப்பி, மனம் வைத்துக் கட்டுங்கள். சுரூபத்தைத் தூக்குவது ஊர்ப் பெரியவர்களின் உரிமை, அவர்கள் கூப்பிட்டால் மட்டும் கை கொடுங்கள்.

திரும்பிப் போகும் படகுக்கு முதல் நாள், பீம் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். பத்து நாள் முடியவில்லை என்றால் இரண்டு பேர் மட்டும் தங்க வேண்டும். யார் என்பதை வரும்போதே முடிவு செய்திருந்தால் நல்லது. கம்பி ஓடும் இடங்களைக் காட்டும் படம், அரிந்த கல்லின் எண்ணிக்கைக் கொப்பி, மிச்சச் சீமெந்துப் பைகளின் திகதி ஆகிய மூன்றையும் பங்குத்தந்தையின் கையில் கொடுங்கள். வாளியையும் சாக்கையும் கொட்டிலுக்குள் வைத்துவிட்டுப் போங்கள், காலையில் பீமை நனைக்க ஆள் வரும்.